இருபத்தேழு டிகிரி

கம்ப்யூட்டரை அடித்து நொறுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. சர்க்யூட் வரைந்து, அது வேலை செய்யுமா என்று திரையிலேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்தான் என் பிழைப்பு. அதோடு காலம் தள்ளுவது சுலபமில்லை. பாதி ஓட்டத்தில் நின்றுபோய், கணக்கு கூடிவரவில்லை என்று சிவப்பில் ஒரு வரி காட்டும். எங்கே, ஏன் என்று சொல்லாது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

மாமல்லபுரத்தைத் தாண்டிக் கடலோரத்தில் இறால் குஞ்சு வளர்க்கும் ஹேச்சரிக்காரர் ஒருவர் என்னிடம் ஒரு சர்க்யூட் போர்டு கேட்டிருந்தார். தொட்டிகளுக்குக் காற்று ஊதும் ப்ளோயர் நின்றால் அவர் வீட்டில் சைரன் அடிக்க வேண்டும். காற்றில்லாமல் குஞ்சுகள் கொஞ்ச நேரம்தான் தாங்கும். கூடுவாஞ்சேரியில் என் அறைக் கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் பிழை ஏதுமில்லை என்று பச்சை விழுந்தது. போர்டு தயாராகி வந்து, மேஜையிலும் ஒழுங்காக ஓடியது. கத்திரி வெயிலில் பஸ் ஏறிப் போய், ஹேச்சரியின் வெளிச்சுவரில் இருந்த தகரப் பெட்டிக்குள் மாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் மதியம் அவரிடமிருந்து போன் வந்தது.

“இன்னா சார் இது? காத்து நல்லா வந்துகினு கீது, இது சும்மா கத்திகினு கீது. ஒரே பேஜாரு.”

சாயங்காலம் தானாக அடங்கிவிட்டதாம். அடுத்த நாளும் அதே கதை. நான் மறுபடி திரையில் ஓட்டினேன். பச்சை. பாகங்களை மாற்றி ஓட்டினேன். அப்போதும் பச்சை. எரிச்சலில் அவரிடமே, “அண்ணே, உங்க கரண்ட்லதான் ஏதோ கோளாறு, போர்டுல ஒண்ணும் இல்ல” என்று சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஐந்தாம் நாள் அவர் சைரன் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். ஆறாம் நாள் மதியம் ப்ளோயர் நிஜமாகவே நின்றது. யாரோ கவனித்து ஓடுவதற்குள் ஒரு தொட்டிக் குஞ்சு முழுக்கச் செத்துப்போனது.

அன்றே போனேன். போர்டைக் கழற்றப் பெட்டியைத் தொட்டேன், விரல் சுட்டது. வீட்டுக்கு வந்து, மென்பொருளில் அதுவரை எட்டியே பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்தேன். வெப்பநிலை, இருபத்தேழு டிகிரி. நாம் மாற்றாவிட்டால் அதுவாக வைத்துக்கொள்ளும் எண். சூடு ஏறினால் பாகங்களின் குணம் மாறும் என்பது எனக்குத் தெரியாததா? எழுபது என்று அடித்து ஓட்டினேன். ப்ளோயர் ஓடும்போதே, திரையில் சைரனுக்குப் போகும் மின்சாரத்தைக் காட்டும் கோடு சடக்கென்று மேலே ஏறி நின்றது. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கும். மூன்று வாரம் அதைத் திட்டத் தெரிந்த எனக்கு, அதைக் கேட்கத் தோன்றவில்லை.

திருத்திய போர்டோடு போய் அவரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். காலித் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“இந்த வெயில்ல இருபத்தேழா? அப்டி எந்த ஊர்ல சார் கீது?”

என் அறையில்தான் இருந்தது. கரண்ட் பில்லுக்குப் பயந்து ஏசியை எப்போதும் இருபத்தேழில்தான் வைப்பேன்.