நாலு இழை, எட்டு இழை

நூலைக் கீழுதட்டின்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல இழுக்கிறார் அழகமுத்து. ஒரு முழம் போனதும் நிறுத்துகிறார். மறுபடி ஒரு முழம். எதிரே நிற்பவர் கடைக்குப் புதிது போலும்; சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறார்.

"சொரசொரங்குது. நாலு இழைதான் இது. டப்பாவுல எட்டுன்னு போட்டிருக்கான்" என்கிறார். அதையே ஒருமுறை சிங்களத்திலும் சொல்லிவிட்டு, சுருளைத் திரும்ப அலமாரியில் வைக்கிறார்.

கடை தாஸிமுடையது. எம்பிலிப்பிட்டிய சந்தைக்குப் பின்புறத் தெருவில், கயிறும் வாளியும் தார்ப்பாயும் விற்கும் கடை. தூண்டில் சாமான்களுக்கென்று ஒரு கண்ணாடி மேசை. அதன் பின்னால் அழகமுத்து. விற்க வேண்டிய சரக்கைத் திருப்பி வைக்கிற ஆளை ஏன் வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று தாஸிமிடம் ஒருநாள் கேட்டேன். "இவரு வேணாண்டு சொன்ன நூல நான் வித்தா, அடுத்த கிழம அந்தாளு சண்டைக்கு வருவான். இவரு சொன்னத வித்தா, அவன்ட மச்சானையும் கூட்டிக்கிட்டு வருவான்" என்றார் அவர்.

பின்னல் நூல் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை இறாத்தல் தாங்கும் என்பதுதான். அழகமுத்து அதற்குப் பதில் சொல்வதில்லை. "எங்க போடப்போறீங்க?" என்று திருப்பிக் கேட்பார். திறந்த தண்ணீர் என்றால் எட்டு இழையில் மெல்லியது. சத்தமில்லாமல் தூரம் போகும். விராலுக்கு, அதாவது ஊரார் சொல்லும் லூலாவுக்கு, பாசிக்குள் போடுவதென்றால் நாலு இழையில் தடித்தது. பாசியை வாள் போல அறுத்துக்கொண்டு வரும். குளத்தில் மூழ்கிய பட்டமரங்கள் இருந்தால் நாற்பது இறாத்தலுக்குக் குறைந்ததை அவர் கையால் தொடவே மாட்டார். "எட்டு இழை வழுக்கும், நாலு இழை அறுக்கும். அம்புட்டுத்தாங்க" என்பார். பிறகு ஈரத்துணியால் நூலைத் துடைத்து, சாயம் போகிறதா என்று பார்ப்பார். ரீலில் முதலில் பத்துச் சுற்று தங்கூசி என்கிற ஒற்றை நைலான் இழையைச் சுற்றி, அதன்மேல் பின்னலை இறுக்கிச் சுற்றித் தருவார். இல்லாவிட்டால் நூல் முழுவதும் சேர்ந்து வழுக்கும். முடிச்சை எச்சிலால் நனைக்காமல் இறுக்குகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

ஐம்பதை நெருங்குகிறார். றக்வானப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். வாழைத் தோட்ட வேலைக்கென்று இங்கே இறங்கி வந்து, ஊரை ஒட்டிய பெரிய குளத்தைக் கண்டு இங்கேயே தங்கிவிட்டார். மனைவி விஜயகலா இன்னும் அந்தத் தோட்டத்தில்தான் கொழுந்து எடுக்கிறாள். பௌர்ணமி விடுமுறை வரும் போயாவுக்குப் போயா பஸ் ஏறிப் போய்வருவார். மீன் சாப்பிட மாட்டார். "புடிக்கிறதோட சரி. அது வாயில இருக்கிற முள்ளு நம்ம வாயில எதுக்குங்க?" என்பார்.

எல்லோரும் விரலால் பார்ப்பதை அவர் ஏன் உதட்டால் பார்க்கிறார் என்று புதியவர்கள் கேட்பதுண்டு. "விரலுக்குத் தெரியாதுங்க" என்று மட்டும் சொல்வார். வலது கையில் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் உணர்வு இல்லை. அவை பாதி மடங்கியபடியே நிற்கின்றன. எப்படி அப்படி ஆயின என்பது எனக்குத் தெரியும். நான் அந்தப் படகில் இருந்தேன்.

நான் யாழ்ப்பாணத்துக்காரன். ஆறு வருடமாக இங்கே பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞன். என் மனைவியின் பெரியப்பா மகன் நாகலிங்கம் கொழும்பில் கட்டட ஒப்பந்தக்காரர், தூண்டில் பைத்தியம். சில வருடங்களுக்கு முன் குளத்தில் விட்ட கொடுவாக் குஞ்சுகள் இப்போது ஆளளவு ஆகிவிட்டன என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். படகோட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். அழகமுத்துவைக் காட்டிக்கொடுத்தவன் நான்தான். அப்போது அவர் கடையில் பாதி நாளும் படகில் பாதி நாளுமாக இருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முந்திய தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. படகில் ஏறுமுன் அழகமுத்து நாகலிங்கத்தின் ரீலை வாங்கி, நூலை இரண்டு விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். அன்று அந்த விரல்களுக்கு எல்லாம் தெரியும்.

"இது வேணாங்க சார். மெல்லிசு. சுத்தினதும் லூசா இருக்கு. அங்கிட்டு பூரா பட்டமரம். கடையில நாப்பது இறாத்தல் நாலு இழை இருக்கு, அஞ்சு நிமிசத்துல சுத்தித் தந்துர்றேன்."

"சிங்கப்பூரில வாங்கினது. பெட்டியில என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சுப் பாரும்."

"பெட்டி சொல்றது பெட்டிக்குத்தாங்க."

நாகலிங்கம் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒன்பது மணிக்கு நாகலிங்கத்தின் தூண்டிலை மீன் கவ்வியது. பெரியது. இரண்டு முறை தண்ணீருக்கு மேலே பாய்ந்து தலையை உதறிவிட்டு, நேரே பட்டமரங்களை நோக்கி ஓடியது. ஓட்டத்தின் வேகத்தில், தளர்வாகச் சுற்றியிருந்த நூல் தன் அடிச்சுற்றுகளுக்குள்ளேயே புதைந்து இறுகிக்கொண்டது. ரீல் திரும்பவில்லை. தடி வில்லாக வளைந்தது. இன்னும் ஒரு கணம், நூல் அறும்.

"பிடியும்! கையில சுத்திப் பிடியும்!" என்று கத்தினார் நாகலிங்கம்.

அழகமுத்து நூலைப் பிடித்தார். இரண்டு சுற்று. தங்கூசி என்றால் இழுபட்டுக் கொடுக்கும். பின்னல் நூல் கொடுக்காது. அவருக்கு அது தெரியாதா? பிறகு ஒருநாள் கேட்டேன். "சத்தம் போட்டாருங்க. கை தானா போயிருச்சு. லயத்துல வளந்த கைதானுங்க, சத்தங்கேட்டா ஓடிரும்" என்றார்.

மீன் திரும்பியது. படகும் கூடவே திரும்பியது. அவர் விடவில்லை. மீனை வலையில் அள்ளி உள்ளே போட்டாயிற்று. அழகமுத்து கையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார். தண்ணீர் சிவந்திருந்தது. "துணி ஏதும் இருக்குங்களா சார்?" என்று என்னிடம் கேட்டார்.

நான் போனைக் கையில் எடுத்திருந்தேன்.

"ஒரு நிமிசம், முதல்ல படம்" என்றார் நாகலிங்கம், மீனைத் தூக்கிப் பிடித்தபடி. "அந்தாள விட்டிட்டு எடும் தம்பி. இரத்தம் தெரியுது."

விட்டுவிட்டு எடுத்தேன். நான்கு படம் எடுத்தேன், ஒன்று சரியாக வரவில்லை என்று அவர் சொன்னதால் ஐந்தாவதும். அதற்குப் பிறகுதான் என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

நரம்பு அறுந்துபோயிருந்தது. இரத்தினபுரிக்கு அனுப்பி அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மூன்றாம் நாள் பார்க்கப் போனபோது, கட்டில் ஓரத்தில் விஜயகலா உட்கார்ந்திருந்தாள். தோட்டத்திலிருந்து விடிய பஸ் ஏறி வந்தவள். என்னை யாரென்று தெரிந்துகொண்ட பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த மீன யாருங்க சாப்புட்டாங்க?"

வீட்டாரும் சிநேகிதர்களும் என்றேன். எனக்கும் ஒரு துண்டு வந்திருந்தது. அதைச் சொல்லவில்லை.

நாகலிங்கம் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஒரு மாதம் கழித்து, சாரதியிடம் தொப்பி ஒன்றும் அதே மெல்லிய நூலில் ஒரு சுருளும் கொடுத்தனுப்பினார். நூலை விஜயகலா தோட்டத்துக்குக் கொண்டுபோய் அவரைக்கொடிக்குப் பந்தல் கட்டினாள். "நல்லா நிக்குதுங்க. அவரைக்காய் துள்ளாதுல்ல" என்றார் அழகமுத்து.

நான் எடுத்த படம் பல இடங்களுக்குப் போனது. பதினான்கு கிலோ கொடுவா, இருபது இறாத்தல் நூலில். நூல் இறக்குமதி செய்கிற ஒருவர் நாகலிங்கத்தைத் தேடிப்பிடித்து, நூல் தேர்வது எப்படி என்று வீடியோவில் பேசவைத்தார். அதை தாஸிமின் போனில் அழகமுத்து பார்த்தபோது நானும் கடையில் இருந்தேன். "எட்டு இழை வழுக்கும், நாலு இழை அறுக்கும். இது என்ர இருவது வருச அனுபவம்" என்றார் வீடியோவில் நாகலிங்கம். தாஸிம் போனை அணைக்கப் போனார். அழகமுத்து தடுத்து, இன்னொரு முறை முழுதாகப் பார்த்தார்.

"சரியாத்தான் சொல்றாரு. முடிச்ச நனைக்கச் சொல்லத்தான் மறந்துட்டாரு."

படகு வேலைக்கு இப்போது அவரை யாரும் கூப்பிடுவதில்லை. துடுப்பு பிடிபடாது. "இந்த நூலையே ஏன் இன்னும் கட்டிக்கொண்டு இருக்கிறியள்? ஊருக்குப் போகலாம்தானே?" என்று ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மடங்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "போயி என்னாங்க பண்றது? கொழுந்து எடுக்கவும் இதே ரெண்டு வெரலுதான் வேணும்."

போன மாதம் நாகலிங்கம் வந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். ஒரு கையில் ரீல் பூட்டிய தடி, மறு கையில் ஒரு புதுப் பெட்டி. அதன் மூடியில் அவருடைய படம், நான் எடுத்ததுதான். கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள்.

"என்ன அழகமுத்து, கை இப்ப சுகம்தானே?"

"இருக்குங்க சார்."

"இது எங்கட நூல். எட்டு இழை. என்ர ரீலில சுத்தித் தாரும். உம்மட கையால சுத்தினாத்தான் சரி."

அழகமுத்து ரீலை வாங்கினார். பத்துச் சுற்று தங்கூசி. மடங்கிய விரல்களால் தடியை அணைத்துப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொரு சுற்றாக இறுக்கிச் சுற்றினார். அரை மணி நேரம் ஆனது. ஒரு சுற்றுக்கூடத் தளரவில்லை. முடிச்சை நனைத்து இறுக்கினார். குறை சொல்ல எதுவும் இல்லை.

நாகலிங்கம் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, உரக்கக் கேட்டார். "நூல் எப்பிடி? இவைக்குச் சொல்லும். தாங்குமோ?"

தாஸிம் கயிறு அளப்பதை நிறுத்தினார்.

"கையக் குடுங்க சார்" என்றார் அழகமுத்து.

நாகலிங்கம் சிரித்துக்கொண்டே வலது கையை நீட்டினார். அழகமுத்து ரீலிலிருந்து ஒரு முழம் நூலை இழுத்து, அவருடைய சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்து, மிக மெதுவாக, குழந்தைக்குக் காப்புக்கயிறு கட்டுவதுபோல, இரண்டு சுற்று சுற்றினார். நுனியை எடுத்து அவருடைய இடது கையில் கொடுத்தார்.

"இழுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, தன் இரண்டு கைகளையும் கண்ணாடியின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.