கேள்வி தெரியாத பதில்கள்

நாளை காலை ஆங்கிலத் தேர்வு. வேலை ஒன்றே ஒன்றுதான். வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் பேச ஆள் எடுக்கும் பட்டுக் கடையின் மேலாளரே சற்று முன் தொலைபேசியில் உறுதிசெய்தார்.

நான் அவரை அழைத்ததற்குக் காரணம், இன்று மாலை பேருந்தில் கேட்ட பேச்சு.

முன் இருக்கையில் நாளை அந்தத் தேர்வை எழுதப்போகும் இரண்டு பெண்கள், ஒருத்தி முசரவாக்கம், இன்னொருத்தி பக்கத்து ஊரான கூரம். முசரவாக்கத்துப் பெண் இலக்கணப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கூரத்துப் பெண்ணின் கையில் ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "நவுன், வெர்ப், வெர்ப், அட்ஜெக்டிவ்..." என்று ஒப்பித்தாள். சேலையில் பூ விழ எந்த இழையைத் தூக்குவது என்று தறியில் சொல்வார்களே, அதே தாளம். பேருந்து குலுங்கியதும் விட்ட இடம் தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"இன்னாடி மந்திரம் சொல்லிக்கினு வர்ற? 'பியூட்டி' நவுன். அப்போ 'பியூட்டிஃபுல்' இன்னா, சொல்லு பாப்போம்," என்றாள் மற்றவள்.

"அது எத்தினாவது கேள்வி?"

முசரவாக்கத்துப் பெண் புத்தகத்தை மூடினாள்.

"பதில் வரிசைய உனக்கு யாருடி குடுத்தது? நானு தறி வேலைய விட்டுட்டு இதையே படிச்சிக்கினு கெடக்கறேன்."

கூரத்துப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதை அப்படியே மேலாளரிடம் சொன்னேன். "வரிசைய மாத்திடறோம் சார்," என்றார். எந்தப் பெண் என்று கேட்கவில்லை. பதில்கள் எப்படி வெளியே போயின என்றும் கேட்கவில்லை.

முடிவு நாளை மாலை தெரியுமாம். இந்நேரம் கூரத்தில் யாரும் புது வரிசையை ஒப்பித்துக்கொண்டிருக்கவில்லை என்று உங்களில் யாராவது உறுதிசெய்ய முடியுமா?