ரெக்சின் கரடி

எனக்கு ஒரு கரடியின் மீது பொறாமை. காட்டுக் கரடிகூட இல்லை, கம்ப்யூட்டரில் வரைந்த கரடி. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரிந்துதான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. என் மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் சிரித்து முடித்துவிட்டாள்.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், கட்டிங் பிரிவில் எனக்கு வேலை. தோல் மேசைக்கு வந்ததும் கத்தியைத் தூக்குகிறவன் கட்டர் ஆக முடியாது. முதலில் பார்க்க வேண்டும். விளக்கடியில் விரித்து, உள்ளங்கையால் தடவி, முள் கிழித்த இடம், உண்ணி கடித்த இடம், சூடு போட்ட இடம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து, சில்வர் பேனாவால் வட்டம் போட வேண்டும். அந்த வட்டங்களை விட்டுவிட்டு, நல்ல இடமாகப் பார்த்துத்தான் வெட்டுவோம். வருடக்கணக்காக இதையே செய்ததில் எனக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. எதைப் பார்த்தாலும் கீறல்தான் முதலில் கண்ணில் படும். கல்யாண மேடையில் மாப்பிள்ளையைப் பார்த்தால் புருவத்துத் தழும்பு தெரியும், முகம் அப்புறம்தான் தெரியும்.

இந்த வியாதியால் எனக்குக் கிடைத்த ஒரே நல்லது என் மகளோடு நான் விளையாடும் விளையாட்டு. ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். சாயங்காலம் கம்பெனி வேன் என்னை இறக்கிவிட்டதும், கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்காருவேன். அவள் மடியில் ஏறி இரண்டு கைகளையும் நீட்டுவாள். நான் மேசையில் தோலைப் பார்ப்பது போலவே திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கொசு கடித்த தடிப்பு, பெஞ்சில் இடித்த சிராய்ப்பு, எவளோ கிள்ளிய நகக்குறி. ஒவ்வொன்றையும் சுற்றி சில்வர் பேனாவால் வட்டம் போட்டு, "இது எப்படி ஆச்சு?" என்று கேட்பேன். அவள் சொல்வாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்த அத்தனையும் அந்த வட்டங்கள் வழியாகத்தான் எனக்கு வந்து சேரும்.

கடைசியில் அவள் முறை. பேனாவைப் பிடுங்கி என் இடது கட்டைவிரலில் இருக்கும் தழும்பைச் சுற்றி வட்டம் போடுவாள். "இது எப்படி ஆச்சு?" வேலைக்குச் சேர்ந்த புதிதில் கத்தி நழுவிய கதை. தினமும் அதே கதைதான். அவளுக்கு மனப்பாடம். ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னாலும் விடமாட்டாள்.

இந்த வீட்டுக்குள்தான் கரடி வந்தான்.

அரைப்பரீட்சை லீவில் என் மச்சான் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா இனிப்பு டப்பாவோடு வந்தார். என் மனைவியின் அண்ணன். பிள்ளைகளுக்கான கார்ட்டூன் படம் ஒன்று வந்திருக்கிறது, தமிழிலேயே பேசுகிறது, குடும்பத்தோடு பார்க்கலாம் என்று அவர்தான் ஆரம்பித்தார். நாலு பேரும் பஸ் பிடித்து வேலூர் தியேட்டருக்குப் போனோம்.

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. காட்டில் வெள்ளம் வருகிறது. ஒரு கரடிக் குடும்பம் புது மலையைத் தேடிப் போகிறது. அப்பா, அம்மா, ஒரு பெண் குட்டி. நடந்தால் பாட்டு, நின்றால் பாட்டு, பசித்தால் பாட்டு. அதில் ஆற்றைக் கடக்கும்போது அப்பா கரடி குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பாடும்:

"என் தோள் இருக்கு ஏறிக்கோ
கால் வலிச்சா சொல்லிக்கோ"

இந்தப் பக்கம் என் மனைவி மூக்கை உறிஞ்சினாள். அந்தப் பக்கம் மச்சான் குறட்டை விட்டார். எங்களுக்கு முன்வரிசையில் காட்பாடி காலேஜ் பையன்கள் போல நாலைந்து பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். நடுவில் என் மகள். பாப்கார்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கட்டைவிரல் கதை கேட்கும்போது எனக்குக் காட்டுகிற அதே முகம். எனக்கு மட்டும்தான் அந்த முகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தக் கரடியைச் சரியாகப் பார்க்க ஆரம்பித்தேன். பாறையிலிருந்து உருண்டு விழுகிறான். முள் காட்டில் நுழைந்து வருகிறான். வெள்ளத்தில் மரம் வந்து மோதுகிறது. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

தியேட்டர் வாசலில் டீ குடிக்கும்போது எல்லோரும் தீர்ப்புச் சொன்னார்கள்.

"பாட்டு ஜாஸ்தி, கதை கம்மி மாப்ள" என்றார் மச்சான். "கரடி பேசினா கேக்கலாம். எதுக்கெடுத்தாலும் பாடுது."

"நீ எங்கண்ணா பாத்த? ஆத்துல எறங்கும்போது தூங்கனவன், கரை ஏறி எவ்ளோ நேரம் கழிச்சு முழிச்ச" என்றாள் என் மனைவி. "எனக்குப் புடிச்சிருந்தது. அம்மா கரடிக்குத்தான் ஒரு பாட்டு கூடக் குடுக்கல. எல்லாத்தையும் அந்த அப்பனுக்கே குடுத்துட்டாங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னாங்க, உங்களுக்கு?" என்றாள்.

"அந்த அப்பா கரடி சரியில்ல" என்றேன்.

"ஏன், நல்லாத்தான பாடுது?"

"மேல ஒரு கீறல் கூட இல்ல. கீறல் இல்லாத தோல் எங்கனா உண்டா? அது ரெக்சின்."

மச்சானுக்கு டீ புரையேறியது. என் மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ரெக்சின்னா இன்னாப்பா?"

"பொய்த் தோலு. மிஷின்ல செய்யறது. அடி படாது, கொசு கடிக்காது. உசுரு இருந்ததுக்கெல்லாம் மேல ஒரு கீறலாவது இருக்கும்."

"அப்போ அந்த அப்பா பொய் அப்பாவா?"

"ரெக்சின் அப்பா" என்றேன்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வழியெல்லாம் பேசாமல் வந்தாள். நான் ஜெயித்துவிட்ட நிம்மதியோடு வந்தேன்.

ஜெயித்ததாக நினைத்தது கொஞ்ச நாள்தான். படம் டிவிக்கே வந்துவிட்டது. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் கரடி கூடத்துக்கு வந்துவிடுவான். நான் வேனிலிருந்து இறங்கும்போதே என் வீட்டு ஜன்னல் வழியாக அவன் குரல் தெருவுக்கு வரும். உள்ளே போனால் அவள் டிவி முன்னால் இருப்பாள். மடியில் ஏறுவாள், கையையும் நீட்டுவாள், ஆனால் கண் அங்கேதான் இருக்கும். "இது எப்படி ஆச்சு?" என்று கேட்டால் "ம்" என்பாள். என் கட்டைவிரல் பக்கம் திரும்பவே இல்லை. வயிற்றெரிச்சல் என்ற சொல்லை இவ்வளவு நாளும் சும்மா பயன்படுத்தியிருக்கிறேன். அது நிஜமாகவே வயிற்றில்தான் எரிகிறது.

"இன்னா, கரடிகூடப் போட்டியா?" என்று என் மனைவி கேட்டாள். அன்றைக்குத்தான் அவள் சிரித்து முடித்தது.

எனக்கு ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. படம் மட்டம் என்று சொல்ல நாலு பேர் கிடைத்தால் போதும் என்று தோன்றியது. கம்பெனியில் என் பக்கத்து மேசையில் ஒரு பாய் இருக்கிறார். அவர் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் உண்டு. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் பேச்சை எடுத்தேன்.

"அய்யோ, எங்க வீட்லயும் அதே பேஜார் தோஸ்த்" என்றார். "கார்ட்டூனா இல்ல பாட்டுக் கச்சேரியான்னே தெரியல. காலைல போட்டா மதியம் வரிக்கும் ஓடுது."

ஆள் கிடைத்தான் என்று மனம் குளிர்ந்தது. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே தொடர்ந்தார். "ஆனா அந்த ஆத்துப் பாட்டு மட்டும் நல்லாக்கீது. வண்டில வரும்போது நானே பாடிக்கினுதான் வந்தேன்."

அவரோடு அன்று முழுக்க நான் சரியாகப் பேசவில்லை. அவருக்குக் காரணம் தெரியாது. சூப்பர்வைசரைக் கேட்டேன். இங்கிலீஷில் பார்த்தால்தான் நன்றாக இருக்கும், தமிழில் பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்றார். அது எனக்குப் போதவில்லை. எனக்கு இங்கிலீஷ் கரடியும் கெட்டுப்போக வேண்டும். தையல் பிரிவு வழியாகப் போனால் மிஷின் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் "கால் வலிச்சா சொல்லிக்கோ" என்று முணுமுணுக்கிறாள். வேனில் போனை எடுத்து அந்தப் பாட்டுக்குக் கீழே ஜனங்கள் எழுதியதைப் படித்தேன். அழுதேன், அழுதேன் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். விரல் நோகத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் ஒன்றைப் பிடித்தேன். பாடியவர் குரல் அப்பா குரல் மாதிரி இல்லை, கல்யாணமாகாத அண்ணன் குரல் மாதிரி இருக்கிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். அதற்கு மட்டும் லைக் போட்டேன்.

அதுவும் ஆறுதல் தரவில்லை. அந்தப் பாட்டை நானே கற்றுக்கொண்டேன். வேனில் காதில் வயரைச் சொருகிக்கொண்டு ஒரு வாரம் கேட்டேன். ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தேன். முதல் வரி நன்றாகவே வந்தது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். இரண்டாம் வரியில் அவள் குனிந்து என் வாயைப் பொத்தினாள்.

"அப்பா, நீ பாடாத. அதுவே பாடட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாக, விருந்தாளியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவளை இறக்கிவிட்டு, பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அலமாரியின் கீழ்த்தட்டில் போட்டேன். இனி யாருக்கும் வட்டம் போடப் போவதில்லை என்று முடிவு. அவள் அதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மகள் டிவி முன்னால் ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். படம் அசையாமல் நின்றிருந்தது. டிவி முழுக்க வெள்ளி வட்டங்கள். அவள் கையில் என் பேனா.

பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். தோலில் அந்த மையைத் துடைக்க நாங்கள் வைத்திருக்கும் கிரேப் ரப்பர் துண்டு ஒன்று சட்டைப்பையிலேயே இருந்தது. அதைக் கொண்டு தேய்த்தேன். தோலில் போகிற மை டிவியில் போகவில்லை. தேய்க்கத் தேய்க்கப் பரவியது.

"இன்னா பண்ணி வச்சிருக்க?" என்று கத்தினேன். அவள் ஸ்டூலிலிருந்து இறங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். என் குரல் கேட்டு மனைவி ஈரக்கையோடு ஓடி வந்தாள். என்னையும் டிவியையும் பார்த்துவிட்டு மகளிடம் குனிந்தாள்.

"ஏம்மா, டிவில கிறுக்கலாமா?"

"கிறுக்கல. காயம் போட்டேன்" என்றாள் மகள். "கரடி அப்பாவுக்கு."

"காயமா?"

"படத்த நடுவுல நிறுத்தி நிறுத்திப் போட்டேன். இது பாறைல வுழுந்தப்போ முட்டில. இது முள்ளு. இது மரம் இடிச்சது." என்னைப் பார்க்காமல் டிவியையே காட்டினாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "கீறல் இருந்தா ரெக்சின் இல்லன்னு நீதானப்பா சொன்ன. இப்போ அது நெஜ அப்பாதான?"

அந்த டீக்கடையில் நான் விளையாட்டாகச் சொன்னதை இவ்வளவு நாளும் உள்ளே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அத்தனை முறை பார்த்ததும் ரசித்து மட்டும் இல்லை. எங்கேயாவது ஒரு கீறல் தென்படுமா என்று தேடியிருக்கிறாள். கட்டர் மகள். கிடைக்கவில்லை. தானே போட்டுவிட்டாள்.

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. "நெஜ அப்பாதான்" என்றேன். வேறு என்ன சொல்வது. தரையில் உட்கார்ந்தேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு வந்து மடியில் ஏறினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு, என்னைப் பார்த்தபடி.

"கேளு" என்றாள்.

"எத?"

"எப்படி ஆச்சுன்னு கேளு."

ஒவ்வொரு வட்டமாகக் காட்டி நான் கேட்டேன். அவள் கரடிக்காகப் பதில் சொன்னாள். பாறை, முள், மரம். என் மடியில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு மட்டும் சொல்கிற குரலில், அவன் கதையைச் சொன்னாள். கடைசியாக, படம் நின்றிருந்த இடத்திலேயே, கரடியின் இடது கையில் ஒரு சின்ன வட்டம் இருந்தது. நானும் அந்தப் படத்தை வேண்டாம் வேண்டாம் என்று எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அந்தக் கையில் ஒன்றும் படவில்லை.

"இது எப்படி ஆச்சு? படத்துல இல்லியே."

"அது உன்னுதுப்பா" என்றாள். "கத்தி பட்டது. அப்பான்னா அங்க இருக்கணும்ல."

சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பட்டேன். ஆனால் அதற்கு முன்னால் வந்தது பொறாமைதான். ரத்தம் கொட்டி, தையல் போட்டு, மாதக்கணக்கில் ஒரு விரலை மடக்காமல் வேலை பார்த்து நான் சம்பாதித்த தழும்பு அது.

அவள் ரிமோட்டை அழுத்தினாள். ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் என் தழும்பை வாங்கிக்கொண்டு, அவன் பாட்டுக்குப் பாட ஆரம்பித்தான். அவள் மடியை விட்டு இறங்கவில்லை. அதனால் நானும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.