யாரும் மறுக்காத கூட்டம்

பினாங்குத் தீவில், டத்தோ கிராமாட்டில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் குளியலறைக் குழாய் மூன்று வாரமாக ஒழுகுகிறது. திருத்துகிறவரிடம் நாளைக்கு வருவீர்களா என்று கேட்டால் "போலே" என்பார். மலாயில் அதற்கு முடியும் என்று பொருள். அவர் வரமாட்டார். அடுத்த முறை கண்டாலும் அதே சிரிப்பு, அதே போலே. யாழ்ப்பாணத்தில் என்றால், "இந்தக் கிழமை ஏலாது, வேறை ஆளைப் பாருங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார்கள். அப்படி மறுக்கிற மனிதர்களுக்காக ஒரு நாள் ஏங்குவேன் என்று அங்கே இருந்தபோது நான் நினைத்ததே இல்லை.

என் தொழில் அப்படிப்பட்டது. சிஸ்டம்ஸ் அனலிஸ்ட். ஒரு தொழிற்சாலைக்குக் கணினி முறை எழுதுவதற்கு முன்னால், அங்கே வேலை செய்கிறவர்களைக் கூட்டி உட்கார வைத்து, வேலை எப்படி நடக்கிறது, எங்கே சிக்குகிறது என்று கேட்டு எழுதவேண்டும். வொர்க்‌ஷாப் என்போம். கொழும்பில் நான் நடத்திய முதல் வொர்க்‌ஷாப்பில் களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவர் எழுந்து, "பிள்ளை, நீர் கீறின படம் முழுக்கப் பிழை" என்று அரை நாள் என்னோடு மல்லுக்கட்டினார். வீட்டுக்கு வந்து அழுதேன். ஆனால் அவர் திருத்திய படத்தை வைத்து எழுதிய முறை ஒரு நாளும் நிற்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சண்டைக்குத் தப்பி ஒரு பெட்டியோடு பினாங்கு வந்த அடுத்த வருடம், தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருக்கும் புக்கிட் தெங்காவில் சர்க்யூட் போர்டு செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு என் நிறுவனம் என்னை அனுப்பியது. குளிரூட்டிய அறை, நீண்ட மேசை, எட்டுப் பேர். மேசையின் தலைப்பக்கம் மேனேஜர் லிம். ஸ்டோர் பார்க்கும் ஹம்சா. கடைசி நாற்காலியில் லைன் சூப்பர்வைசர் சரோஜா அக்கா, சுங்கை பினாங்கிலிருந்து வருகிறவர். பழுதான போர்டு எங்கே போகும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "நேராக ஸ்டோருக்கு" என்றார் லிம். சரிதானா என்று மற்றவர்களைப் பார்த்தேன். எல்லாத் தலைகளும் ஆடின. "போலே, போலே" என்றார் ஹம்சா. மாலைக்குள் எட்டுக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். இவ்வளவு இலகுவான கூட்டத்தை நான் கண்டதில்லை என்று பெருமையோடு வீடு வந்தேன்.

நான்கு மாதம் கழித்து முறையை ஓடவிட்ட முதல் நாளே உற்பத்தி லைன் நின்றது. பழுதான போர்டுகள் ஸ்டோருக்குப் போவதே இல்லை. சரோஜா அக்காவின் லைனில் வேலை செய்யும் பெண்கள் அவற்றைத் தனியாக எடுத்து வைத்து, ஷிப்ட் முடிவதற்குள் முடிந்தவரை பழுது பார்ப்பார்கள். மிஞ்சியதுதான் ஸ்டோருக்குப் போகும். என் திரையில் அதற்கு இடமே இல்லை. ஸ்டோர் பெற்றுக்கொண்டதாகப் பதியாமல் அடுத்த போர்டை ஏற்க அது மறுத்தது. லிம் இறங்கி வந்து, எல்லார் முன்னாலும் சரோஜா அக்காவின் கையெழுத்தைத் தட்டிக் காட்டி, "நீ ஒப்புக்கொண்டாய்" என்றார். மறுநாள் அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கைகழுவும் இடத்தில் அவரைப் பிடித்தேன். "ஏன் அக்கா, அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க மேனேஜரதான் கேட்டீங்க, மிஸ்."

"தலையாட்டினீங்கள்தானே?"

"கேட்டுக்கிட்டேன்னு ஆட்டுனேன் லா. சரின்னா சொன்னேன்?" குழாயை மூடிவிட்டு, கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "எங்கப்பா ரப்பர் எஸ்டேட்ல பால் வெட்டுனவரு. அங்க கணக்கு எழுதுற கிராணி ஒங்க ஊர்க்காரரு, சிலோன்காரரு. அவரு எழுதுனா எழுதுனதுதான். எதுத்துப் பேசுனா வேலை போயிரும். நீங்களும் பேனாவும் கையுமா வந்து நின்னீங்க."

நான் பிறப்பதற்கு முன்னால் எவரோ ஒருவர் எழுதிய பேரேட்டுக்கு நான் பதில் சொல்லவேண்டியிருந்தது. அது அநியாயம் என்று வாய் வரை வந்தது. ஆனால் அந்த அறையில் கடைசி நாற்காலியைப் பார்த்து ஒரு கேள்விகூடக் கேட்காதவள் நான்தானே.

பிழை என்னுடையது, மேனேஜர் இல்லாமல் இன்னொரு கூட்டம் வேண்டும் என்று லிம்மிடம் கேட்டேன். "நான் இல்லாமல் யார் முடிவு சொல்வது?" என்றார். மூன்று தரம் அலைந்த பிறகு, ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தை மட்டும் தந்தார். கேண்டீன் மேசையில் நிஜமாகவே ஒரு பழுதான போர்டை வைத்தேன். பேனாவை வெளியே எடுக்கவில்லை. "இது இப்ப என்னிட்ட இருக்கு. அடுத்தது ஆரிட்டப் போகும்? கையாலை தாங்கோ" என்று தமிழிலும், எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயிலும் கேட்டேன். போர்டு கைமாறியது. பாதி வழியில் ஹம்சா அதை வாங்க மறுத்தார். "தக் போலே. பழுது பார்த்தவர் பெயர் இல்லாமல் எடுக்கமாட்டேன்." சரோஜா அக்கா விடவில்லை. இருவரும் மலாயில் சத்தம் போட்டார்கள். இந்த நாட்டில் நான் கேட்ட முதல் 'முடியாது' அது. மணி அடிக்கும்வரை அவர்களை நான் தடுக்கவில்லை.

திருத்திய முறை ஓடியது. குறையைக் கண்டுபிடித்தவர் லிம் என்று அறிக்கையில் எழுதினார்கள். சரோஜா அக்காவின் எச்சரிக்கைக் கடிதத்தை எடுக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். ஆகட்டும் என்றார்கள். அது இன்னும் அவருடைய கோப்பில்தான் இருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

வேலை முடிந்த கடைசி நாள் அலுவலக வேன் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. லைன் பெண்களின் பஸ்ஸில் ஏறினேன். சரோஜா அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார். பக்கத்தில் இருந்த பெண் என் சேலையை மேலும் கீழும் பார்த்து, யார் என்று கேட்டாள்.

"சிலோன் ஆபீஸ் மிஸ்ஸு. நம்ம ஆளுதான்" என்றார் சரோஜா அக்கா, இரண்டையும் ஒரே மூச்சில்.

பஸ் பாலத்தில் ஏறியிருந்தது. பின்னால் பெருநிலம், முன்னால் தீவு, இரு பக்கமும் கடல். சொன்ன இரண்டில் எதை மறுப்பது, எதற்குத் தலையாட்டுவது என்று தெரியாமல், அவர்கள் இருவருக்கும் நடுவில் கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.