துன் ஏரியில் பிரித்தானியருக்கு நாலாவது போர்

வருடத்தில் ஒரே ஒரு நாள் நான் கப்பல் தலைவன். மிகுதி நாட்களில் சூரிச் நகரின் ஓர்லிகோனில் ஒரு அலுவலக உணவகத்தின் பின்பக்கத்தில் பாத்திரம் கழுவுகிறேன். சென்ற வருடம் அந்த நாள் ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வந்தது. துன்னிலிருந்து இந்தர்லாக்கன் வரை கப்பலில் போக நினைப்பவர்களுக்காக விவரங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். போரில் அக்கறையில்லாதவர்கள் நேரங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், கோபிக்க மாட்டேன்.

எங்களுடையது பாய்க்கப்பல் காலத்துக் கடற்போர் விளையாட்டு. மேசையில் நீலத் துணியை விரித்து, பெருவிரல் அளவு மரக்கப்பல்களை நகர்த்தி, பகடை உருட்டிப் பீரங்கி சுடுவோம். துணிக்குக் கீழே தகரம், கப்பலுக்கு அடியில் காந்தம். ஏனென்றால் நாங்கள் விளையாடுவதே ஓடும் கப்பலில்தான். நானும், துன்னில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் ரமணனும் பிரித்தானியர். வில் நகரத்தில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்யும் கவிதாவும் செந்திலும் அமெரிக்கர். நால்வரில் ஒருவரும் அந்த இரண்டு நாடுகளின் பக்கமும் தலைவைத்துப் படுத்ததில்லை. கவிதா புங்குடுதீவு, செந்தில் தஞ்சாவூர். முதல் வருடம் முந்தி வந்தவர்கள் கொடியைத் தெரிந்தெடுத்தார்கள், அவ்வளவுதான்.

மூன்று வருடமும் நாங்கள்தான் தோற்றோம். மூன்றாவது தோல்வியன்று சூட்டோடு சூடாக, "அடுத்தமுறையும் தோற்றால் எங்கட கொடியை மடிச்சு வைச்சிட்டு உங்கட பக்கம் வந்திடுறம்" என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என் பிறவிக் குணம். செந்தில் அதைத் தாளில் எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். வேலையில் நான் ஒருவருக்கும் கட்டளையிட்டதில்லை. ரமணனின் மனைவி தைத்துத் தந்த அந்தச் சின்னக் கொடியின் கீழ் மட்டும்தான் "சுடு" என்று சொல்லியிருக்கிறேன். அதை இழக்க எனக்கு உண்மையில் பயமாக இருந்தது.

ஓர்லிகோனில் 8.45க்கு ஏறி, சூரிச் பிரதான நிலையத்தில் 9.02 ரயிலுக்கு மாறினேன். ஏறக்குறைய 155 கிலோமீற்றர், துன்னில் 10.22. கப்பல் துறை நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது, இரண்டு நிமிட நடை. அரைக்கட்டண அட்டையோடு நாட்பயணச் சீட்டை முற்கூட்டியே வாங்கியபடியால் 39 பிராங். ரயிலும் கப்பலும் அதற்குள் அடக்கம்.

10.40க்குக் கப்பல் அசைந்தது. கால்வாயின் ஓரத்து வீடுகள் எங்களைவிட்டு மெல்ல நழுவின, பிறகு ஏரி திறந்தது. அந்தப் பச்சை நீலத்தை எத்தனை தரம் பார்த்தாலும் கண் நம்பாது. நீசன் மலையின் கால்களை மூடுபனி மறைத்திருந்ததால் மலை தண்ணீருக்கு மேலே சும்மா மிதந்தது. இயந்திரத்தின் மெல்லிய அதிர்வு மரத்தளம் வழியாக ஏறி, உடம்பு பாதித் தூக்கத்துக்குப் போய்விட்டது. ஒபர்ஹோபன் கோட்டை பக்கத்தில் வந்து, எங்களைப் பார்த்து, போய்விட்டது. நாங்கள் நின்றோமா அது நடந்ததா என்று அந்த நேரம் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திராது.

இருக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு ரயிலோ கப்பலோ, போகும் திசையைப் பார்த்துத்தான் இருக்கவேண்டும். கவிதா வருடாவருடம் பெருந்தன்மையோடு முன்பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிரே அமர்வாள். "நீங்கள் மலையைப் பாருங்கோ அண்ணை" என்பாள். எங்கள் விளையாட்டில் காற்றைப் பகடை தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு முறைக்கும் முன்னால் நாங்கள் ஏறிய கப்பலின் பின்புறத்துக் கொடியைப் பார்ப்போம். அது எந்தப் பக்கம் பறக்கிறதோ அதுதான் மேசையிலும் காற்று. முதுகில் காற்று உள்ளவர்களின் கப்பல்கள் ஓடும், எதிர்க்காற்றில் உள்ளவை தவிக்கும். ரமணனின் யோசனை. உண்மையான காற்று என்று அவனுக்குப் பெருமை வேறு.

அன்றும் காற்று அவர்கள் பக்கம்தான். குந்தன் துறையைத் தாண்டும்போது எங்கள் மூன்று கப்பல்களில் இரண்டு போய்விட்டன. அவர்களின் பெரிய கப்பல் எங்கள் மிச்சக் கப்பலை நெருங்கி நின்றது. ஒரு பகடை, எல்லாம் முடிந்துவிடும். ரமணன் கொடியைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கவிதா போடவில்லை. பகடை கையில் சூடேறுமுன் உருட்டுகிறவள், தேநீரைக் குடித்தாள். நீசனைப் படமெடுக்கச் சொல்லி, கண்ணயர்ந்திருந்த செந்திலை எழுப்பினாள்.

"கவிதா, விடியத்தான் போடுவீரோ?" என்றேன்.

"பொறுங்கோ அண்ணை, யோசிக்கிறன்."

ஸ்பீட்ஸ் துறையில் கப்பல் அணைந்து, கயிறு விழுந்தது. அப்போதுதான் அவள் சுடாமல் தன் கப்பலை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தினாள். "இனி உங்கட முறை. கொடியைப் பாருங்கோ."

நின்ற கப்பலில் கொடி முதலில் சோர்ந்து தொங்கியது. பிறகு ஏரிக்காற்று பின்னாலிருந்து வந்து, அதை எங்கள் தலைகளுக்கு மேலாக முன்பக்கம் வீசியது. மூன்று வருடத்தில் முதல்தடவை காற்று எங்கள் முதுகில். அவர்களின் பாய்கள் எதிர்க்காற்றில் சிக்கின. விதிப்படி பெரிய கப்பல் அசையமுடியாது. நான் அதன் பின்புறத்தைக் கடந்து "சுடு" என்றேன். ரமணன் உருட்டினான். இரண்டு ஆறு. பெரிய கப்பல் மூழ்கியது, விதிப்படி அதோடு போர் எங்களுக்கு. பக்கத்து மேசையில் இருந்த வயதான தம்பதி கைதட்டும் அளவுக்குக் கத்தினோம்.

கப்பல் மறுபடி புறப்பட்டது. கொடியும் மறுபடி பின்பக்கம் திரும்பியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், பெயாத்தன்புக்ட் துறைவரை. பிறகு புரிந்தது. ஓடுகிற கப்பலில் கொடி எப்போதும் பின்னால்தான் பறக்கும். காற்று எப்போதும் முன்பக்கம் இருப்பவர்களுக்குத்தான். மலை பார்க்கும் ஆசையில் மூன்று போர்களை நானே தாரைவார்த்திருக்கிறேன்.

இந்தர்லாக்கனில் இறங்கும்போது 12.50. படியில் கவிதாவை நிறுத்தினேன்.

"இது உமக்கு எப்ப தெரியும்?"

"முதல் வருசமே."

"பிறகேன் சொல்லேல்லை?"

"போரில ஆரண்ணை சொல்லுவினம்?"

"அப்ப இண்டைக்கு ஏன் விட்டுத்தந்தனீர்?"

எனக்குக் கோபம், மறைக்கவில்லை. பிச்சை போட்ட வெற்றி யாருக்கு வேண்டும்? அவள் கப்பல் பெட்டியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள்.

"நீங்கள் எங்கட பக்கம் வந்திட்டால் நாங்கள் ஆரோட சண்டை பிடிக்கிறது அண்ணை? வில்லில என்னோட சண்டை பிடிக்க ஒரு சனமும் இல்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை. நான் கொடிக்காகப் பயந்தேன். அவள் எங்களுக்காகப் பயந்திருக்கிறாள்.

போக நினைப்பவர்களுக்கு: நல்ல வெயில் நாளில் பின்தளத்து மேசை வேண்டுமென்றால் துறைக்கு அரைமணி முந்தி வாருங்கள். ஓகஸ்டிலும் ஒரு சுவெட்டர் எடுங்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்தால் பாதிச் செலவு மிச்சம். விளையாடப் போகிறீர்களென்றால், மேசைக்கு மறுபக்கம் இருத்த ஒரு எதிரியை நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள். எங்களுடையவளை இரவல் தரமாட்டோம்.