போடியாரிடம் மட்டும் தோற்றவன்

இப்போது எழுதப்போவதை நீங்கள் ஒருவரும் நம்பப் போவதில்லை என்பதை, பள்ளிவாசல் இருக்கும் திசையைப் பார்க்காமல், உறுதியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

சென்ற வியாழன் அஸர் தொழுகை முடிந்த கையோடு பள்ளி ஒலிபெருக்கி மரண அறிவித்தலுக்குக் கரகரத்தது. "பாலமுனையைச் சேர்ந்தவரும், கல்முனை ஆதம்பாவாப் போடியாரின் மருமகனுமான ஜவாஹிர் வபாத்தானார்." அவ்வளவுதான். ஏழு நாட்டுக் கிண்ணங்களைத் தூக்கிய கோல்ப் வீரன் என்று ஒரு சொல் கிடையாது. கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று தெரிந்திருந்தும், பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டார்கள், திருத்திச் சொல்வார்கள் என்று வாசலிலேயே காத்து நின்றேன். அவன் என் மறைந்த காக்காவின், அதாவது அண்ணனின், மகன். நான் அவனுக்குச் சாச்சா. ஒலிபெருக்கி விட்டதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

பத்தொன்பது வயதில் வளைகுடாவுக்குப் புல் வெட்டப் போனான். கோல்ப் மைதானத்துப் புல். முதலாளிமார் ஆடிவிட்டுப் போனபின் அவர்கள் எறிந்த பழைய மட்டையால் அடித்துப் பழகியவன், ஐந்தே வருடத்தில் அந்த முதலாளிமாருக்கே சொல்லிக்கொடுத்தான். பிறகு அதையே தொழிலாக்கி நாடு நாடாகப் போனான். அவன் அடித்த பந்து மேலே போனால், அது இறங்குவதற்குள் கீழே நிற்பவர்கள் ஒரு பிளேன்டீ குடித்துக் கோப்பையையும் கழுவி வைக்கலாம். ஒருமுறை விடுமுறையில் வந்து பாலமுனைக் கடற்கரையில் அடித்தான். பந்து சொறிக்கல்முனையில் மேய்ந்த ஓர் எருமையின் கொம்பில் பட்டது. அந்த எருமை அதற்குப் பிறகு பால் தரவே இல்லை, நேரே தயிர்தான்.

ஆனால் நான் அண்ணாந்து பார்த்தது அவனுடைய கைப்பலத்தை அல்ல. மலேசியாவில் ஓர் இறுதிநாள் ஆட்டம். புல்லுக்குள் கிடந்த பந்து, இவன் மட்டையைக் கிட்டே கொண்டுபோனபோது அரை விரல் அசைந்தது. அப்படி அசைந்தால் தண்டனையாக ஓர் அடி கூட்டிக்கொள்ள வேண்டுமாம். ஒருவரும் காணவில்லை. இவனே போய்ச் சொன்னான். கிண்ணம் அந்த ஓர் அடியால் போயிற்று. நான் போனில் ஏசினேன்.

"ஆரடா கண்ட?"

"நான் கண்டன் சாச்சா" என்றான்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் பெண் கிடைக்காமல் போகப் பார்த்தது. குற்றவாளி நான். ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருந்த போடியாரின் மகள் றமீஸாவைத் தவிர வேறு ஒருத்தியையும் முடிக்க மாட்டேன் என்று அவன் நின்றான். நான் போய்க் கதைத்து, போடியாரும் சம்மதித்து, எங்கள் வழக்கப்படி மகளுக்கு வீடும் கட்டத் தொடங்கிவிட்டார். சுவர் எழும்பிக் கூரைக்குக் காத்திருந்த நேரம், ஜவாஹிர் சிங்கப்பூரில் வென்றான். பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு, ஒரு தட்டு வட்டிலப்பமும் எடுத்துக்கொண்டு, பெரிய வெற்றிவீரனைப்போல் போடியார் வீட்டுக்குப் போனேன்.

போடியார் கண்ணாடியைப் போட்டார். ஜவாஹிரின் பெயருக்கு நேரே மைனஸ் பன்னிரண்டு என்றிருந்தது.

"சைபர் எடுத்தவனக் கண்டிரிக்கன்" என்றார். "சைபருக்குக் கீழ எடுத்தவன இண்டைக்குத்தான் காணுறன். இஞ்ச பாரு, அடியில கிடக்கிறவன் பதினஞ்சு எடுத்திரிக்கான். அவன்ட வாப்பா ஆரெண்டு விசாரி."

"இந்த ஆட்டத்தில குறைய அடிச்சுப் பந்தக் குழிக்குள்ள போட்டவன்தான் வெண்டவன், போடியார்."

"குறைய எடுத்தவனா? அப்ப ஏக்கருக்கு அஞ்சு மூட எடுத்தவனுக்கு மாலையப் போட்டு, நாப்பது மூட எடுத்தவன அடிச்சு விரட்டுறா? ஆருக்குக் கதை செல்ற?"

ஆயுள் முழுக்க நெல்லை மட்டும் நம்பிய மனிதருக்கு அதற்குமேல் என்ன சொல்ல? மறுநாள் மேசன்மார் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கூரையில்லாத வீட்டுக்குள் மாரி மழை பெய்தது. றமீஸா வாப்பாவோடு கதைப்பதை நிறுத்தினாள்.

வெள்ளாமை வெட்டி முடிந்ததும் ஜவாஹிர் வந்தான். ஒருவரோடும் தர்க்கம் பண்ணவில்லை. ஒரு மட்டையும் ஒரு பந்தும் ஒரு வெறும் பால்மா டின்னும் எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போடியாரின் வயலுக்குப் போனான். போடியார் வரம்பில் நின்றார். அறுத்த தாளுக்குள் டின்னைப் புதைத்துவிட்டு இவன் கேட்டான்:

"மாமா, ஒரு ஆட்டம் ஆடுவமா?"

"மாமாவா? இன்னும் மாமாவாகல்ல" என்றபடியே போடியார் சாறனை மடித்துக் கட்டினார். எண்ணுவதற்கு நான்.

ஜவாஹிர் மூன்றே அடியில் பந்தை டின்னுக்குள் போட்டான். போடியார் மட்டையை மண்வெட்டி பிடிப்பதுபோல் பிடித்துக் கொத்தத் தொடங்கினார். பந்து வாய்க்காலுக்குள் போயிற்று. வெளியே வந்தது. ஒரு கொக்கைத் துரத்திற்று. நாற்பத்து மூன்றாம் அடியில் டின்னுக்குள் விழுந்தது. போடியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"ஆருக்குக் கூட?"

"ஒங்களுக்குத்தான் மாமா."

"அப்ப ஆர் வெண்ட?"

நான் வாயைத் திறந்தேன். சேற்றோடு ஒரு சப்பாத்து வந்து என் கால் பெருவிரலை மிதித்தது.

"நீங்கதான் வெண்ட, மாமா" என்றான் ஜவாஹிர்.

போடியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தோத்தத முகம் சுருங்காமச் செல்றான். இவனுக்குக் குடுக்கலாம்" என்று என்னிடம் சொன்னார். அந்தக் கிழமையே கூரை ஏறிற்று.

திரும்பி வரும் வழியில், மலேசியாவில் அரை விரலுக்காகக் கிண்ணத்தை விட்டவன் இங்கே பொய் சொல்லலாமா என்று மடக்கினேன். "பொய் எங்க சாச்சா? அவர்ட வயல், அவர்ட சட்டம். அவர்தான் வெண்ட" என்றான். அதற்குப் பிறகு ஒவ்வோர் அறுவடைக்கும் மாமனும் மருமகனும் ஆடினார்கள். ஜவாஹிர் ஒரு வருடமும் வெல்லவில்லை. போடியார் விடாமுயற்சியால் தொண்ணூற்றேழு அடி வரைக்கும் முன்னேறினார்.

ஜனாஸா அடக்கிய மறுநாள், கொழும்பிலிருந்து அவனோடு ஆடிய மூன்று பேர் வந்திருந்தார்கள். இப்படி ஒருவன் இனித்தான் பிறக்க வேண்டும் என்று மூத்தவர் சொல்லிக்கொண்டிருந்தார். கதிரையில் சாய்ந்திருந்த போடியார் நிமிர்ந்தார்.

"கெட்டிக்காரன்தான். ஆனா என்னய வெல்ல அவனுக்கு ஏலாமப் போயிற்று." என்னைப் பார்த்தார். "நீதானே எண்ணின? இவங்களுக்குச் செல்லு."

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓம் போடியார்" என்றேன். "நீங்க நாப்பத்து மூணு. அவன் மூணு."

கோல்ப் ஆட்டத்திலேயே தலை நரைத்த மூத்தவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து போய்ப் போடியாரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பெரிய வெற்றி, ஐயா" என்றார்.

"ஒரு நாளும் கோவிக்கல்ல அவன்" என்றார் போடியார். "ஒரு நாளும்..." அதற்கு மேல் துவாயால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஜவாஹிரை அறிந்தவர்களே, கிண்ணங்கள் எல்லாம் றமீஸாவிடம் இருக்கின்றன. அவை அவளுக்குரியவை. வாசித்த பிறகு இந்தத் தாளைப் போடியாரின் கண்ணில் படாமல் மடித்து வைத்துவிடுங்கள். எருமை என்னுடைய கைச்சரக்கு. பிளேன்டீயும் அப்படித்தான். நாற்பத்து மூன்றிலும் நாலைந்து நான் கூட்டியிருக்கலாம். ஆனால் அந்த மிதி உண்மை. யாரையாவது திருத்துவதற்கு வாய் திறக்கும்போதெல்லாம் என் பெருவிரல் நோகிறது. அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.