மச்சம் தெரியுதா

நெட் கம்பெனிக்காரன் நூறு எம்பி வேகம் என்றான். ஏற்காடு பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளியூர் போகும் ரோடு முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் நோட்டீஸ் ஒட்டினான். நூறுக்குப் பக்கத்தில் கடுகு அளவு எழுத்தில் 'வரை' என்று ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன். சொல்லி அவனுக்கு விளம்பரம் வேறு தேடித் தருவானேன்?

என் பெயர் சையத் இப்ராஹிம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மிளகும் காப்பித்தூளும் விற்கிறேன். முன்கோபக்காரன் என்று ஊரில் பெயர் உண்டு, நான் அதை மறுத்ததில்லை. நான் சொல்ல வந்தது என் அக்கா ரஹமத் பீவியைப் பற்றி. மச்சான் சின்ன வயதிலேயே மவுத்தாகிவிட்டார். தையல் மெஷினை மிதித்தே ஒரே பையன் இர்பானை ஆளாக்கினாள். அவன் ஏசி மெக்கானிக்காக ஷார்ஜாவுக்குப் போனான். அக்காவின் தெரு பள்ளத்தில் இருக்கிறது, எந்த டவரும் அங்கே எட்டாது. அதனால் டிவி கேபிள் இழுத்துக் கொடுத்த செபாஸ்டினிடமே சொல்லி, அதே வயரில் நெட்டும் வாங்கினோம். கனெக்ஷன் என் பெயரில்.

அப்போது அதன் வேகம் எம்பி கூடக் கிடையாது, ஐந்நூற்றுச் சொச்சம் கேபி. முதல் நாள் வீடியோவில் இர்பான் சொன்னான்: "அம்மா, உன் மூஞ்சி இட்லி மாதிரி தெரியுது. கண்ணெது, மூக்கெதுன்னே தெரியல."

"மூக்கு மேல மச்சம் இருக்கும் பாரு கண்ணு. அதை வெச்சுக் கண்டுபிடிச்சுக்க" என்றாள் அக்கா.

அன்று பிடித்தது அந்தப் பேச்சு. அதற்குப் பிறகு எந்த போனிலும் சலாமுக்கு அடுத்து அவள் கேட்கும் கேள்வி "மச்சம் தெரியுதா?" என்பதுதான். எங்கள் குடும்பத்தில் நெட்டின் வேகத்தை எம்பியில் அளந்ததே இல்லை.

கேபி போய் இரண்டு எம்பி வந்தது. செபாஸ்டின் புது மோடம் டப்பா மாட்டினான். மச்சம் தெரியவில்லை. சில்வர் ஓக் மரத்துக்கு மரம் கட்டிய வயர். குரங்கு தொங்கினாலும் போகும், மழை பிடித்தாலும் போகும். பத்து எம்பி வந்தது. விடியற்காலையில், தெரு எழுந்திருப்பதற்கு முன்னால் மட்டும், மச்சம் தெரிந்தது. கொரோனா வந்த வருஷம் நாற்பது என்றார்கள். அக்கா நம்பினாள். நான் அப்போதே நம்பவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அக்காவுக்கு இர்பான் நன்றாகத் தெரிந்தான். "அவன் தாடில நரை கூடத் தெரியுதுடா. எம்மூஞ்சிதான் அவனுக்குப் போய்ச் சேர மாட்டேங்குது" என்று என்னிடம் குறைப்பட்டாள். நான் செபாஸ்டினைக் கடையில் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வருகிற வேகம் வேறாம், இங்கிருந்து போகிற வேகம் வேறாம். நாற்பது, நூறு என்று பெரிதாக அடிப்பதெல்லாம் வருகிற வேகம். போகிற வேகம் அதில் பத்தில் ஒன்று கூட இல்லை. அதை எந்த நோட்டீஸிலும் போடமாட்டான். இத்தனை வருஷம் இதை ஒரு பயலும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் அக்காவுக்கும் அவன் அதையே விளக்கினான். "மலையில எறங்குற பஸ்ஸு வேகமுங்கக்கா, ஏறுற பஸ்ஸு மெதுவுங்க. நெட்டும் அப்படித்தானுங்க."

"பஸ்ஸுக்கு மலை இருக்குது சாமி. உன் வயருக்கு எங்க இருக்குது மலை?" என்றாள் அக்கா. செபாஸ்டின் வயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான். அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்? அவனுக்கு மேலே இருக்கிறவன் சேலத்தில் கண்ணாடி ரூமில் உட்கார்ந்திருக்கிறான்.

அக்காவிடமும் எனக்குக் கோபம் உண்டு. அவளுக்குக் கை நிற்காது. பக்கத்து வீட்டு எஸ்டேட் தொழிலாளி சின்னத்தம்பியின் மகள் ஜீவாவுக்கு ஆன்லைன் கிளாஸ் என்று முதலில் பாஸ்வேர்டைக் கொடுத்தாள். பிறகு தெருவுக்கே கொடுத்தாள். விருந்தாளி வந்தால் டீ கொடுப்பதற்கு முன்னால் பாஸ்வேர்டைக் கொடுப்பாள். "எம்பையன் பேருதான், போட்டுக்க கண்ணு" என்பாள். ஏன் இப்படி வாரி இறைக்கிறாய் என்று கத்தினேன். "சும்மா கெடக்குற நேரத்துல நாலு புள்ளைங்க படிச்சுட்டுப் போவட்டும், உனக்கு எங்க வலிக்குது?" என்றாள். கடைசியில் நூறு எம்பி வந்தபோது தெருவே அவள் நெட்டில் இருந்தது.

போன தை மாதம் ஒரு விடிகாலை, பஜ்ர் தொழுதுவிட்டுப் பாயிலேயே சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இர்பானுக்கு நான்தான் சொன்னேன். அவன் கதறி முடித்து, விமானம் தேடினான். எதைப் பிடித்தாலும் ராத்திரிக்கு முன்னால் வந்துசேர முடியாது. ஜமாத்தில் கேட்டேன். "மத்தியானம் லுஹர் தொழுகை வரைக்கும் வைக்கலாமுங்க, அதுக்கு மேல வேண்டாமுங்க" என்றார்கள். மையத்தை, அதாவது இறந்த உடலை, காக்கவைப்பது எங்களில் வழக்கமில்லை. அவர்கள் சொன்ன 'வரை' உண்மையான வரை.

"சரிங்க மாமா. மூடுறதுக்கு முன்னாடி முகத்தை மட்டும் காட்டுங்க" என்றான் இர்பான்.

பெண்கள் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்துவைத்தார்கள். நான் தலைமாட்டில் உட்கார்ந்து போனைப் பிடித்தேன். வாசலும் படியும் நிறைய ஜனம். குப்பனூரிலிருந்தும் வாழவந்தியிலிருந்தும் சொந்தமும் தெரிந்தவர்களும் வந்திருந்தார்கள்.

"மாமா, கட்டங்கட்டமா வருதுங்க" என்றான் இர்பான். பிறகு, "நின்னுடுச்சு மாமா." பிறகு அவன் குரலும் வரவில்லை. அணைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் கட்டம். பள்ளிவாசலில் லுஹர் பாங்கு ஆரம்பித்தது. பதினைந்து வருஷம் பிள்ளைக்கு முகத்தைக் காட்டக் காசு கட்டினவள், கடைசி முகத்தைக் காட்ட முடியாமல் போகிறாள்.

செபாஸ்டின் வாசலில் நின்றிருந்தான். போய்ச் சட்டையைப் பிடித்தேன். "நூறு எம்பி எங்கடா? எவன் ஊட்டுல இருக்குது உன் நூறு எம்பி?"

அவன் கையை விலக்கவில்லை. போனை எடுத்து டப்பாவின் கணக்கைப் பார்த்தான். "அண்ணா, கம்பெனிக்காரன் கொடுக்கிறது கொஞ்சம்தானுங்க. அந்தக் கொஞ்சத்துல இப்ப நாப்பது போனுக்கு மேல தொங்குதுங்க. அக்கா எல்லாத்துக்கும் பாஸ்வேர்டு கொடுத்திருக்காங்களே. வந்தவங்க போனெல்லாம் தானாவே ஒட்டிக்கிச்சு. ஆளுக்காளு ஸ்டேட்டஸ் போடுறாங்க, வாய்ஸ் அனுப்புறாங்க. எல்லாம் இங்கிருந்து மேல போறதுங்க."

படியேறி நின்று கத்தினேன். "எவ்வளவு பேரு எங்கக்கா நெட்டுல உக்காந்து அவளுக்கே அஞ்சலி போடுறீங்க? எல்லாரும் போனை அணைங்க. அவ புள்ள அவ மூஞ்சியப் பாக்கணும்."

சின்னத்தம்பிதான் முதலில் தன் போனை அணைத்து, எல்லாருக்கும் தெரிகிறமாதிரி கையைத் தூக்கிக் காட்டினார். "எங்க ஊட்டுப் புள்ளையப் படிக்க வெச்சது அந்தம்மா நெட்டுங்க. அணைங்க சாமி எல்லாரும்" என்றார். ஒவ்வொன்றாகப் போன்கள் இருண்டன.

உள்ளே ஓடி மறுபடி கூப்பிட்டேன். கட்டம் வந்தது, கலைந்தது. போனை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"மச்சம் தெரியுது மாமா" என்றான் இர்பான். கொஞ்சம் பொறுத்து, "போதும் மாமா, மூடிடுங்க" என்றான்.

மூடினோம். தூக்கினோம்.

அடுத்த வாரம் கடையில் இருந்தபோது கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். உங்கள் கனெக்ஷனை இருநூறுக்கு மாற்றித் தரட்டுமா சார் என்றாள்.

"போற வேகம் எவ்வளவுங்க?" என்று கேட்டேன்.

"அதுவும் ஏத்திட்டோம் சார். ரெண்டு பக்கமும் இருநூறு வரை. வீடியோ கால்ல எதிர்ல இருக்கிறவங்களுக்கு உங்க முகம் அவ்வளவு கிளியரா தெரியும் சார்."

எனக்கு வந்த கோபத்தில் தராசில் இருந்த மிளகு தரையெல்லாம் கொட்டிவிட்டது.

"யார் முகமுங்க?" என்றேன்.

"சார்?" என்றாள் அவள்.

போனை வைத்துவிட்டேன்.